சரபோஜியும் சரபேந்திரனும்: ஒரு மராத்தியப் பெயரின் பிறப்பும் தமிழ் இலக்கியத்தில் அதன் பொருளும்

முன்னுரை

கொள்ளேகால் இருமொழி வழங்கும் ஊர். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், அதன்பின் மைசூர் மாநிலத்தில் சேர்ந்து, 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. இவ்வட்டாரத்தில் மலைமாதேசுவரரின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் கன்னடக் குடும்பங்களிலும் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. ஒரே தெய்வத்தின் பெயர் ஒரு வீட்டில் மாதப்பா எனவும், மற்றொரு வீட்டில் மாதேசன் எனவும், எல்லைக்கு அப்பால் மாதையன் எனவும், பத்திரத்தில் மகதேசுவரன் எனவும் வழங்கும். பெயரின் பொருளை வினவினால் ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒவ்வொரு விளக்கம் கிடைக்கும். மொழி எல்லையைக் கடக்கும் பெயர் ஒலியில் மட்டுமன்றிப் பொருளிலும் மாறுகின்றது என்பதை இவ்வூரில் வாழ்வோர் நாள்தோறும் காண்கின்றனர்.

கொள்ளேகால் வட்டத்தின் சிவனசமுத்திரத்தில் வீழும் காவிரி தஞ்சையை அடைவது போன்றே, கன்னட நாட்டின் வழியாகத் தஞ்சையை அடைந்த ஒரு மராத்தியப் பெயரும் உண்டு. அதுவே சரபோஜி என்பது. தஞ்சை மராத்திய மன்னர் இருவர் இப்பெயர் பூண்டனர். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) தமிழ் இலக்கியங்களில் சரபேந்திரன் எனப் பாடப்பெற்றார். சரபோஜி என்னும் பெயர் எங்குப் பிறந்தது, அது சரபேந்திரன் ஆனது எவ்வாறு, அம்மாற்றம் தமிழ்ச் சிற்றிலக்கியம் ஒன்றின் பொருளை எவ்வாறு பாதிக்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு பெயரின் பிறப்பு வேறு, ஓர் இலக்கியத்துள் அப்பெயர் தரும் பொருள் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தல் திறனாய்வு ஆகாது என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

பெயரின் பிறப்பு

போன்சலே குலத்து மாலோஜி அகமதுநகர் நிசாம்சாகி அரசில் பணியாற்றியவர். சத்திரபதி சிவாஜியின் பாட்டனார். நெடுநாள் மகப்பேறின்றி இருந்த மாலோஜி இணையர், அகமதுநகரில் (2024இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகர்) அடங்கிய ஷா ஷரீப் என்னும் சூபி ஞானியை வேண்டி மக்களைப் பெற்றனர் என்பது மராத்திய மரபு கூறும் செய்தி. பிறந்த மைந்தர் இருவருக்கும் அப்பெரியாரின் பெயரையே இரண்டாகப் பகுத்து இட்டனர். மூத்தவர் ஷாஹாஜி, இளையவர் ஷரீபஜி. சிவாஜியின் புகழ்பாட வடமொழியில் கவீந்திர பரமானந்தர் இயற்றிய சிவபாரதமும் இச்செய்தியைக் கூறுகின்றது. சிவாஜியை அறங்காக்கும் தலைவராகப் போற்றும் அந்நூல், அவருடைய தந்தையின் பெயர் ஒரு முசுலிம் பெரியாரின் அருளால் வந்தது என்பதை மறைக்கவேண்டிய செய்தியாகக் கருதவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஷா என்பது அரசன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். சூபிப் பெரியார்களுக்கு இஃது ஓர் அடைமொழியாகவும் வழங்கும். ஷரீப் என்பது உயர்ந்தவர், மாண்புடையவர் எனப் பொருள்படும் அரபுச் சொல். நபிகள் நாயகத்தின் வழித்தோன்றல்களைக் குறிக்கவும் வழங்கும். இச்சொல் தமிழர்க்குப் புதியதன்று. குர்ஆன் ஷரீப், நாகூர் ஷரீப் எனத் தூய்மையும் உயர்வும் தோன்ற இன்றும் வழங்கப்பெறுகின்றது. தஞ்சை மராத்திய மன்னருள் ஒருவரான பிரதாபசிங்கர் (1739-1763) நாகூர்த் தர்காவின் 131 அடி உயரமுள்ள பெரிய மனோராவை எழுப்பினார் என்பர். நாகூரின் அடைமொழியும் அவ்வரச குடும்பத்துப் பெயரொன்றின் அடிச்சொல்லும் ஒன்றே என்பது நம் ஆய்வுகளில் போதிய அளவு எண்ணப்படவில்லை.

மராத்தியில் பெற்ற வடிவம்

ஷரீப் என்பது சர்ஃபோஜி ஆனமைக்கு மராத்தியின் பெயராக்க முறையே காரணம். காந்திஜி, நேருஜி என்னும் வழக்குகளால் ஜி என்னும் மதிப்பு ஒட்டினைத் தமிழர் அறிவர். மராத்தியில் இவ்வொட்டு, சுருங்கிய பெயரடி ஓகாரம் பெற்று நின்ற நிலையிலும் சேரும். கான்ஹா என்பது கான்ஹோஜி எனவும், ராணா என்பது ராணோஜி எனவும் வருதல் காண்க. மாலோஜி, துக்கோஜி, ஏகோஜி என்பனவும் இவ்வாய்பாட்டினவே.

ஷரீப் என்னும் சொல்லின் ஈற்றயல் நெடில் இவ்வாக்கத்தில் மறைந்துவிடுகின்றது. மராத்தியில் ஈற்றயல் நெடில் சொல்லுறுப்பு ஏற்குங்கால் வலிகுன்றல் இயல்பு. பருத்தியைக் குறிக்கும் காபூஸ் என்னும் சொல், உருபேற்கும்போது அந்நெடிலை இழந்து நிற்றல் இதற்குச் சான்று. இவ்வாறே ஷரீப் என்பதன் ஈகாரம் மறைய, ஓஜி சேர்ந்து ஷர்ஃபோஜி, சர்ஃபோஜி என்னும் வடிவங்கள் தோன்றின. ஷாஹாஜியின் தம்பியே ஷரீபஜி எனவும் சர்ஃபோஜி எனவும் இருவடிவிலும் வழங்கப்பெறுதல் இவ்விரண்டும் ஒரு பெயரே என்பதை உறுதிசெய்கின்றது. இவர் 1624ஆம் ஆண்டு பாட்வடிப் போரில் உயிர்நீத்தார்.

குடும்பப் பெயராகத் தஞ்சைக்கு வருதல்

ஷாஹாஜி பீசப்பூர் அரசின் சார்பில் 1638 முதல் பெங்களூரை இருப்பிடமாகக் கொண்டார். 1664இல் கன்னட நாட்டின் ஓதிகெரேயில் மறைந்தார். அவர் மைந்தர் ஏகோஜி பெங்களூரிலிருந்து தெற்கே வந்து, 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையில் மராத்திய அரசை நிறுவினார். ஏகோஜியின் மைந்தர் மூவரும் அடுத்தடுத்து அரசாண்டனர். ஷாஜி (1684-1712), முதலாம் சரபோஜி (1712-1728), துக்கோஜி என்னும் துளஜா (1728-1736) என்பது அம்முறை.

இப்பெயர் வரிசையின் முதலிரண்டும் கூர்ந்து நோக்கற்பாலன. ஏகோஜி தம் மூத்த மைந்தருக்குத் தந்தை ஷாஹாஜியின் பெயரையும், அடுத்த மைந்தருக்குத் தந்தையின் தம்பி ஷரீபஜியின் பெயரையும் இட்டுள்ளார். அகமதுநகரில் ஒரு ஞானியின் பெயரிலிருந்து பிரிந்த இரு பகுதிகள், இரு தலைமுறை கடந்து தஞ்சையில் அதே வரிசையில் மீண்டும் இணைகின்றன. மூன்றாம் மைந்தரின் துளஜா என்னும் பெயரோ போன்சலேயரின் குலதெய்வமாகிய துளஜாபூர்ப் பவானியை நினைவூட்டுவது. சூபிப் பெரியாரின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் ஒரு குடும்பத்து உடன்பிறந்தார்க்கு முரணின்றி அமைந்தன. பெயரைக் கொண்டே ஒருவரின் சமயச் சார்பை முடிவுசெய்யும் போக்குக்கு இக்குடும்பம் ஒரு தக்க மறுமொழியாகும்.

தமிழ் எழுத்தின் பங்கு

இனி, சர்ஃபோஜி என்பது தமிழில் சரபோஜி ஆனவாறு காண்போம். பிறமொழிச் சொற்கள் தமிழில் வழங்குங்கால் தமிழ் எழுத்தமைதிக்கு ஏற்பத் திரிதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நெறி. நன்னூலார் வடசொல்லாக்கத்திற்கு விரிவாக விதி கூறினார். ஆயின் அரபு, பாரசீகச் சொற்களின் உரசொலியாகிய ஃப என்பதற்கு அவ்விதிகளில் இடமில்லை. வழக்கில் அவ்வொலி பகரமாயிற்று. யூசுப், ஷரீப் முதலியன அறிந்த சான்றுகள். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பாடிய உமறுப்புலவர் காப்பியத்தின் பெயரில் சீறத் என்னும் அரபுச் சொல் சீறா என வந்ததும் இத்தகைய தமிழ்ப்படுத்தத்தின் பாற்பட்டதே.

சர்ஃபோஜி என்பதில் ரகர மெய்யின் பின் அகரம் தோன்றி, ஃப என்னும் ஒலி பகரமாகிச் சரபோஜி என நின்றது. இங்குத் தமிழ் எழுத்தின் தனித்தன்மை ஒன்று கருதத்தக்கது. பகரம் ஓரெழுத்தாயினும் மொழி முதலில் வல்லொலியாகவும் உயிரிடையில் மெல்லிய குரலொலியாகவும் ஒலிக்கும். ஆகவே ஃப என்பதற்கு ஈடாக எழுதப்பெற்ற பகரம், படிக்கும்போது வடமொழியின் மூன்றாம், நான்காம் வருக்க எழுத்துகளுக்கு நெருக்கமாக ஒலிக்கலாயிற்று. எழுதியவர் ஷரீபை எண்ணி எழுதியிருக்கலாம். படித்தவர் காதில் சரபம் ஒலித்தது.

தமிழ் எழுத்து ஒன்றே இம்மாற்றத்திற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. தஞ்சை அரசவையில் தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழி ஆகிய நான்கும் வழங்கின. எனினும், இரு சொற்களும் வேறுபாடின்றி ஒன்றாக எழுதப்படும் நிலை தமிழில் அமைந்தமையால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி எளிதாயிற்று எனலாம்.

மறுதலையாக, சரபம் என்பதே பெயரின் மூலம் எனக் கொண்டால் என்ன என்று வினவலாம். அவ்வாறு கொள்ளுதற்கு இரண்டு தடைகள் உள. முதலாவது, ஷாஹாஜி, ஷரீபஜி என்னும் இணைப்பெயர்; இதனைச் சரபத்தால் விளக்க இயலாது. இரண்டாவது, ஒலிமாற்றத்தின் திசை. ஃப என்பது தமிழில் பகரமாதல் எங்கும் காணும் நிகழ்ச்சி. வடமொழியின் நான்காம் வருக்கப் பகரம் மராத்தியில் ஃப ஆதல் இயல்பன்று. ஆங்கில ஆவணங்களும் ஃப ஒலியையே காத்துள்ளன. தஞ்சையிலுள்ள மன்னர் சரபோஜி அரசு கல்லூரியின் பெயர் தமிழில் சரபோஜி என்றும் ஆங்கிலத்தில் செர்ஃபோஜி என்றும் எழுதப்படுகின்றது. ஒரு பெயரின் இருவழி வரலாறு அந்தப் பெயர்ப்பலகையிலேயே உள்ளது.

சரபேந்திரன்: பொருள் புகுந்தவாறு

சரபம் என்பது சிங்கத்தையும் வெல்லும் எட்டுக்கால் உயிர் எனப் புராணம் கூறுவது. தமிழில் இது சிம்புள் எனவும் எண்காற்புள் எனவும் பெயர்பெறும். இரணியனை அழித்த நரசிங்கத்தின் சீற்றத்தைத் தணிக்கச் சிவபெருமான் சரப வடிவு கொண்டார் என்பது சைவ மரபு. மூன்றாம் குலோத்துங்க சோழன் எழுப்பிய திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபேசுவரர் தனிச்சந்நிதி கொண்டுள்ளார். ஆகவே காவிரிக் கரையில் சரபம் என்னும் சொல் மராத்தியர் வருகைக்குப் பன்னெடுங்காலம் முன்பே வழிபாட்டில் ஊன்றிய சொல்லாகும். வந்த பெயர் நிலத்தில் இருந்த சொல்லோடு கலந்தது.

இக்கலப்பின் தன்மையை அறிய, உடன்பிறந்த பெயரொன்றை ஒப்பிடுதல் பயன்தரும். ஷாஜி மன்னரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு திருவிசநல்லூர் சீதர வேங்கடேசர் இயற்றிய வடமொழிக் காப்பியம் சாகேந்திர விலாசம் ஆகும். ஷாஹ என்பதனோடு இந்திர என்பது சேர, அகரமும் இகரமும் ஏகாரமாகும் குணசந்தி முறையில் சாகேந்திர என்றாயிற்று. சரப என்பதனோடு இந்திர சேர்ந்து சரபேந்திர ஆனதும் அம்முறையினதே. புணர்ச்சி ஒன்றாயினும் விளைவு ஒன்றன்று. சாகேந்திர என்பதில் பாரசீகச் சொல் தன் பொருளோடு அப்படியே நிற்க, வடமொழி அதன்மேல் அணியாக ஏறியது. சரபேந்திர என்பதில் அடிச்சொல்லே வேறாகிவிட்டது. முன்னதில் மூலம் தெரிகின்றது. பின்னதில் மூலம் மறைகின்றது.

சரபேந்திரன் என்னும் வடிவம் தமிழிலும் விரைந்து நிலைபெற்றமைக்கு இலக்கணக் காரணமும் உண்டு. ஜி என்னும் ஈறு தமிழ் ஆண்பாற் பெயரீற்றை ஏலாது. சரபேந்திரன், சரபேந்திரர் என்பனவோ அன், அர் ஈறுகளை இயல்பாக ஏற்கும். பூபாலன், மன்னன் முதலிய சொற்களோடு தடையின்றித் தொடரும். செய்யுளில் பயிலவேண்டிய பெயருக்கு இவை இன்றியமையாதன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் மருத்துவ நூல் வரிசையின் பெயரும், பட்டுக்கோட்டைக் கடற்கரைப் பக்கத்துச் சரபேந்திரராசன்பட்டினம் என்னும் ஊர்ப்பெயரும் இவ்வடிவம் பாட்டுக்கு வெளியிலும் பரவியதைக் காட்டுகின்றன.

அவ்வூரில் ஒரு வியப்பும் உண்டு. நெப்போலியன் மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியின் நினைவாக 1814இல் இரண்டாம் சரபோஜி எழுப்பிய கோபுரம் அங்கேயே உள்ளது. மக்கள் அதனை மனோரா என்பர். தூபியைக் குறிக்கும் மினார் என்னும் அரபு வழிச்சொல்லின் திரிபே அது. ஓர் அரபுச் சொல் கோபுரத்தின் பெயரில் தன்னை வெளிப்படுத்தி நிற்க, மற்றோர் அரபுச் சொல் அதே இடத்தில் ஊரின் பெயருள் வடமொழி உருவில் மறைந்து நிற்கின்றது.

குறவஞ்சியில் பெயரின் தொழில்

கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி இரண்டாம் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் நடிக்கப்பெற்ற நூல் என்னும் சிறப்பும் இதற்கு உண்டு. கோடீச்சரக் கோவை, தஞ்சைப் பெருவுடையார் உலா முதலியவற்றையும் பாடிய தேசிகர், தெய்வத்தைப் பாடுமிடத்தும் அரசனைப் பாடுமிடத்தும் எல்லையறிந்து நின்ற புலவர்.

குறவஞ்சியின் தலைவன் யார் என்பது அவ்விலக்கியத்தின் அடிப்படை வினா. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் தலைவர் குற்றாலநாதர். ஷாஜி காலத்துத் தியாகேசர் குறவஞ்சியில் தலைவர் ஆரூர்த் தியாகேசர். தெய்வம் உலாவரத் தலைவி காதலுறுவதும், குறத்தி வந்து குறி கூறுவதும், தலைவியின் நெஞ்சுள் மறைந்திருந்தவர் இன்னார் என அக்குறியால் வெளிப்படுவதும் இவ்விலக்கிய வகையின் அமைப்பு. ஆகவே குறவஞ்சியின் உச்சம் ஒரு பெயர் வெளிப்படும் இடமேயாகும். தெய்வத் தலைவராயின் அப்பெயர் வெளிப்படும்போது காதல் பத்தியாக விரியும்.

சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் தெய்வத்தின் இடத்தில் மானிட அரசன் அமர்கின்றான்; அதுவும் பெருவுடையார் திருமுன் அமர்கின்றான். இந்நிலையில் சரபேந்திரன் என்னும் பெயர் செய்யும் தொழில் பெரிது. கேட்போர்க்கு அப்பெயர் ஒருபால் தம் மன்னரைக் குறிக்கின்றது. மற்றொருபால் சிவபெருமானின் சரபத் திருவுருவை நினைவூட்டுகின்றது. அரசன் கடவுள் எனப் புலவர் கூறவேண்டியதில்லை. கூறினால் அது மிகையாகி, சைவப் புலவர்க்கு ஒவ்வாததும் ஆகும். பெயரே அவ்விரண்டிற்கும் இடையில் பாலமாக நின்றுவிடுகின்றது. சரபோஜி என்னும் வடிவத்தை மட்டும் கொண்டு இக்குறவஞ்சி பாடப்பெற்றிருப்பின், தலைவனின் பெயர் இலக்கிய வகையின் தெய்வ மரபோடு இயைந்திருக்காது. ஆதலின் சரபேந்திரன் என்பதைப் பெயர்த்திரிபு எனக் குறித்து அமைதல் போதாது. அது நூலின் அமைப்பைத் தாங்கும் உறுப்பாகும்.

இருவகைக் குறைகள்

இப்பெயரை அணுகுவதில் இருவகைக் குறைகள் நேர்கின்றன. வகுப்பறையில் சரபேந்திரன் என்னும் சொல்லுக்குச் சரபம் போன்ற அரசன் எனப் பொருளுரைத்து நிறுத்திவிடுதல் முதற்குறை. இக்கட்டுரையாளரும் மாணவராய் இருந்த காலத்தில் அவ்வாறே கற்றார்; ஆசிரியரான தொடக்கத்தில் அவ்வாறே கற்பித்தார். அவ்வுரை பாட்டின் பொருளுக்குப் பிழையன்று. ஆயின் அதுவே பெயரின் பிறப்பும் ஆகும் எனக் கொள்ளும்போது, அகமதுநகர் ஞானியின் நினைவும், அவரை வேண்டிநின்ற தாய்தந்தையரின் நன்றியும், அந்நன்றியை இரு தலைமுறைக்குப் பின்னும் காத்த ஏகோஜியின் செயலும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன.

மூலத்தை அறிந்தபின், சரபேந்திரன் என்பதை வேண்டுமென்றே செய்த மறைப்பு என இகழ்தல் இரண்டாம் குறை. இது முதற்குறையினும் கற்றறிந்த தோற்றம் உடையது; ஆயினும் குறையே. புலவர்கள் ஷரீபை அகற்றும் நோக்குடன் சரபத்தைக் கொணர்ந்தனர் எனக் கூறச் சான்று வேண்டும். எழுத்தும் ஒலியும் செய்யுளும் வழிபாடும் சேர்ந்து இயல்பாக நிகழ்த்திய மாற்றத்திற்கு உள்நோக்கம் கற்பித்தல் ஆய்வுநெறி அன்று. மேலும், மூலம் ஒன்றே மெய்ப்பொருள் எனக் கொண்டால், குறவஞ்சியைத் திருக்கோயிலில் கேட்டு மகிழ்ந்தோர் உணர்ந்த பொருளைப் பொய் எனத் தள்ளவேண்டி வரும். இலக்கியத்தில் கேட்போர் உணர்ந்த பொருளும் வரலாற்று உண்மையே.

கே. எம். வேங்கடராமையாவின் தஞ்சை மராட்டிய மன்னர்கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும் (1984) போன்ற பெருநூல்களும், தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கங்களும் இக்காலப்பகுதியின் வரலாற்றை நமக்குத் திறந்து வைத்தன. அவ்வரலாற்றை இலக்கியப் பதிப்புகளோடு இணைக்கும் பணி தமிழாய்வாளருக்கு உரியது. மராத்தியர் காலச் சிற்றிலக்கியங்களைப் பதிப்பிப்போர் மக்கட்பெயர் அகராதி ஒன்றைப் பின்னிணைப்பாகச் சேர்த்தல் நலம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த மொழியும் வடிவமும், தமிழை அடைந்த வழி, அந்நூலுள் அப்பெயர் தரும் பொருள் என மூன்றும் தனித்தனியே குறிக்கப்பெறின், ஒன்றை மற்றொன்றாக மயங்கும் நிலை நீங்கும். ஏகோஜி, வேங்கோஜி என்னும் இருவடிவப் பெயரும், துக்கோஜி, துளஜா என்னும் இணைவழக்கும் இம்முறையில் ஆராயத்தக்கன.

முடிவுரை

சரபோஜி என்பது ஷரீப் என்னும் அரபுச் சொல்லடியாக மராத்திய மரபில் தோன்றிய பெயர். அகமதுநகர் ஷா ஷரீபின் அருள்நினைவாகப் போன்சலே குடும்பத்தில் புகுந்து, கன்னட நாட்டின் வழியாகத் தஞ்சையை அடைந்தது. தமிழ் எழுத்தில் ஃப ஒலி பகரமாக, சரபம் என்னும் சொல்லோடு இயைந்து சரபேந்திரன் என்னும் வடிவம் பெற்றது. சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் அவ்வடிவம், தெய்வத்திற்குரிய தலைமையை அரசனுக்கு நாகரிகமாகப் பெற்றுத்தரும் கருவியாக அமைந்தது. பிறப்பை வரலாற்றாலும், பொருளை நூலாலும் அறிதல் வேண்டும்.

மாதப்பாவும் மாதேசனும் ஒரே தெருவில் வாழும் கொள்ளேகாலில், இருவரில் எவர் பெயர் சரியானது என எவரும் வழக்கிடுவதில்லை. இருவரும் அழைக்கப்படும் பெயருக்கே திரும்பிப் பார்க்கின்றனர். சரபோஜி, சரபேந்திரன் என்னும் இருவடிவங்களையும் அவ்வாறே அதனதன் இடத்தில் வைத்து மதிப்பது நம் பதிப்புகளுக்கும் பாடங்களுக்கும் உரிய கடமையாகும்.